செவிக்குத் துணையாகும் மெல்லொலி

(ஸ்ரீமுஷ்ணத்தில் அறக்கட்டளை விழாவையொட்டி நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

விழா மேடையில் ஒரு நோயைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். ஆயினும், இத்தகைய விழாக்களுக்கே வர இயலாமல் இல்லத்தில் தங்கிவிடும் பெரியோர் பல குடும்பங்களில் உள்ளனர். மூட்டு வலியால் வாராதவரின் துன்பம் வீட்டாருக்குத் தெரியும். மணியோசையும் மேளமும் ஒலிபெருக்கியும் தாங்காமல் வாராதவரின் துன்பம் பெரும்பாலும் தெரிவதில்லை. "வயதாகிவிட்டது, எதிலும் நாட்டமில்லை" என்று சொல்லிவிடுகின்றனர். வெளியில் தெரியாத அந்தச் செவித் துன்பத்தையும், அதற்கு இல்லத்திலேயே செய்யத்தக்க ஒலிச் சிகிச்சையையும் விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

இரு குறைகள்

புறத்தே எந்த ஒலியும் எழாதபோது காதுக்குள்ளோ தலைக்குள்ளோ ஓசை கேட்பது காதிரைச்சல். மருத்துவர்கள் இதனை டின்னிட்டஸ் என்பர். ஒருவருக்கு அது சில்வண்டின் ரீங்காரமாகக் கேட்கும். மற்றொருவருக்குக் குக்கரிலிருந்து ஆவி சீறுவது போலவும், இன்னொருவருக்குத் தொலைவில் ஓடும் மோட்டாரின் உறுமல் போலவும் கேட்கும். ஊர் அடங்கிய பின், படுக்கையில் தலை சாய்த்ததும் அது மேலெழும்.

பிறர் இயல்பாக ஏற்கும் ஒலி ஒருவருக்கு மட்டும் தாங்கவொண்ணாத பேரொலியாகத் தோன்றுவது ஒலி மிகையுணர்வு. இதன் மருத்துவப் பெயர் ஹைப்பராகுசிஸ். எவர்சில்வர் தட்டு தரையில் விழும் ஓசை, மிக்ஸியின் இரைச்சல், குழந்தையின் வீறிடல், பேருந்தின் ஏர்ஹாரன் ஆகியவை இவர்களைத் துடிக்கச் செய்யும். சிலருக்குக் காதில் வலியே உண்டாகும். இவ்விரு குறைகளும் தனித்தனியே வருவதுண்டு. ஒருவரிடமே சேர்ந்து வருவதும் மிகுதி.

இது அரிய நோயும் அன்று. உலகளாவிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2022-ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, வயது வந்தோரில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர் காதிரைச்சலை உணர்ந்துள்ளனர் என மதிப்பிட்டது. அதாவது, உலகில் 74 கோடிக்கும் மேற்பட்டோர். அவர்களுள் 12 கோடிக்கும் மேற்பட்டோருக்கு அது கடுந்தொல்லையாக உள்ளது.

இசையுலகின் மாமேதை பேத்தோவன் 1801-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தம் நண்பரான மருத்துவர் வேகலருக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் காதுகள் இரவும் பகலும் ஓயாமல் இரைவதையும், மெல்லப் பேசுவோரின் சொற்கள் புரியாமையையும், அதே வேளையில் எவரேனும் உரக்கக் கத்தினால் பொறுக்க முடியாமையையும் அதில் அவர் கூறியிருந்தார். கேளாமை, இரைச்சல், பொறாமை மூன்றும் ஒரே செவியில் கூடியிருந்தன. 1809-இல் பிரெஞ்சுப் படை வியன்னா நகரைப் பீரங்கியால் தாக்கியபோது, அவர் தம் தம்பியின் வீட்டு நிலவறையில் தலையணைகளால் காதுகளைப் பொத்திக்கொண்டிருந்தார் என்று அவருடைய மாணவர் பதிவு செய்துள்ளார். "மெல்லப் பேசினால் கேட்கவில்லை என்கிறார், சற்று உரக்கப் பேசினால் ஏன் கத்துகிறாய் என்கிறார்" என்று முதியவர் மீது குறைகூறும் வீடுகளில் நிகழ்வதும் இதுவேயாகும். அதில் பிடிவாதம் ஏதுமில்லை. செவியின் இயல்பு மாறியிருக்கிறது.

செவியிலும் மூளையிலும் நிகழ்வது

உட்செவியில் நத்தையின் ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதனுள் ஏறத்தாழ 15,000 மயிரிழை உயிரணுக்கள் உள்ளன. ஒலியலைகளை நரம்புக் குறிப்புகளாக மாற்றி மூளைக்கு அனுப்புவன இவையே. மனிதரிடம் இவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. மூப்பு, பேரொலி, சில மருந்துகள், நோய்த்தொற்று ஆகியவற்றால் இவை குறையும்போது மூளைக்குச் செல்லும் செய்தியும் குறைகிறது. வானொலி நிலையம் சரியாக எடுக்காதபோது வீட்டார் ஒலி அளவைத் திருகி ஏற்றுவதுபோல, மூளையும் தன் உள்பெருக்கத்தை ஏற்றிக்கொள்கிறது என்று ஆய்வாளர் பலர் விளக்குவர். அவ்வாறு ஏற்றும்போது நரம்புகளின் இயல்பான சலசலப்பே ஓசையாகக் கேட்கத் தொடங்குகிறது, அது காதிரைச்சல். வெளியிலிருந்து வரும் சிறிய ஒலியும் பெரிதாகத் தாக்குகிறது. அது ஒலி மிகையுணர்வு.

அந்தச் சலசலப்பு நலமுற்ற செவியிலும் உண்டு. 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், செவிப்புலன் நலமாக இருந்த 80 பேரை ஒலி புகாத அறையில் சிறிது நேரம் அமரச் செய்தனர். அவர்களுள் 94 விழுக்காட்டினர் தமக்கு ஏதோ ஓர் ஓசை கேட்டதாகக் கூறினர். முற்றிலும் அமைதியான இடத்தில் பெரும்பாலோருக்கு ஏதேனும் கேட்கவே செய்யும். அவர்கள் அறையை விட்டு வெளியே வந்ததும் அதனை மறந்துவிடுவர். துன்புறுவோரால் மறக்க இயலுவதில்லை.

ஏன் மறக்க இயலவில்லை? இரைச்சல் முதன்முதலாகக் கேட்ட நாளில் அச்சம் எழுகிறது. "காது போய்விடுமோ, மூளையில் கட்டியோ, பைத்தியம் பிடிக்குமோ" என்னும் எண்ணம், அந்த ஓசைக்கு அபாய அறிவிப்பின் தகுதியைத் தந்துவிடுகிறது. அபாய அறிவிப்பை மூளை புறக்கணிக்காது. உற்றுக் கேட்கும்; கேட்கக் கேட்க அச்சம் வளரும்; அச்சம் வளர வளர ஓசையும் பெரிதாகத் தோன்றும். போலந்தில் பிறந்த நரம்பியல் அறிஞர் பவெல் ஜாஸ்ட்ரெபாஃப் 1990-இல் இந்தச் சுழற்சியை விளக்கினார். லண்டனில் காது மருத்துவர் ஜொனாதன் ஹேசலுடன் இணைந்து அவர் அமைத்த முறை, காதிரைச்சல் மறுபயிற்சிச் சிகிச்சை எனப் பெயர் பெற்றது. நோயின் தன்மையை விளங்க வைத்து அச்சத்தை நீக்கும் ஆலோசனை, செவியைச் சூழ மெல்லொலி என்னும் இரண்டும் அதன் தூண்கள்.

இவ்வட்டாரமும் செவியும்

ஸ்ரீமுஷ்ணம் வயல் சூழ்ந்த சிற்றூரே. ஆயினும் பேரொலிக்கு இவ்வட்டாரம் புதிதன்று. மாசி மகத்தையொட்டிப் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும் நாட்களில் வழியெங்கும் மேளமும் வெடியும் முழங்கும். அருகிலுள்ள விருத்தாசலம் இருப்புப்பாதைச் சந்திப்பு. பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். அகல் விளக்கு முதல் மின்காப்புப் பீங்கான் வரை உருவாகும் அத்தொழிலில், மூலப்பொருள்களைக் கூழாங்கற்களோடு உருளைக்குள் இட்டு மணிக்கணக்கில் சுழற்றி அரைக்கும் பால்மில் ஒரு முதன்மையான பொறி. அதன் அருகே நிற்பவர் பேச வேண்டுமாயின் கத்தியே பேச வேண்டும்.

கையெட்டும் தொலைவில் இருப்பவரிடம் கத்திப் பேச நேர்ந்தால், அவ்விடத்து ஒலி செவிக்குக் கேடு செய்யும் அளவை எட்டிவிட்டது என்று கொள்ளலாம். 85 டெசிபல் ஒலியில் நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருத்தல் ஆகாது என்பது அமெரிக்கத் தொழில்நல நிறுவனத்தின் பரிந்துரை. ஒலி 3 டெசிபல் ஏறும்தோறும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். 88 டெசிபலில் 4 மணி. 100 டெசிபலில் 15 நிமிடமே. இந்தியத் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபலை உச்ச வரம்பாகக் கொண்டுள்ளன. ஆதலால் ஆலையிலும் அரவையிலும் தறிக்கூடத்திலும் பணிபுரியும் இளைஞர் காதடைப்பான் அணிதல் இன்றியமையாதது. இழந்த உயிரணுவை மீட்கும் மருந்து இன்றளவும் நடைமுறைக்கு வரவில்லை.

அமைதியைத் தேடுவதில் உள்ள ஆபத்து

ஒலி துன்புறுத்தினால் ஒலியற்ற இடத்தை நாடுவது மனித இயல்பு. கதவைச் சாத்தி, சன்னலை அடைத்து, காதில் பஞ்சு வைத்துக்கொள்வர். அன்றைக்கு அது ஆறுதல் தரும். நாளடைவில் தீங்கே செய்யும்.

அமெரிக்காவில் ஃபார்ம்பி என்பவரும் அவர்தம் குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. செவி நலமுடைய தன்னார்வலர்கள் இரண்டு வாரம் காதடைப்பான் அணிந்தனர். வேறொரு கட்டத்தில் இரண்டு வாரம் மென்மையான இரைவொலி தரும் சிறு கருவியை அணிந்தனர். காதை அடைத்திருந்த பின் ஒலிகள் முன்னினும் உரக்கத் தோன்றின. மெல்லொலியோடு இருந்த பின் ஒலிகளைத் தாங்கும் ஆற்றல் கூடியது. நலமுற்ற செவியே இரு வாரத்தில் இவ்வாறு மாறுமாயின், மாதக்கணக்கில் பஞ்சு வைத்துக்கொள்ளும் நலிந்த செவியின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

நண்பகலில் ஏற்றிய அகல் விளக்கை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே விளக்கு இருண்ட அறையில் கண்ணைப் பறிக்கும். விளக்கின் சுடர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சூழல் மட்டுமே மாறியது. காதிரைச்சலும் அத்தகையதே. மெல்லொலி என்னும் பகலொளியை அறையில் பரப்பினால் இரைச்சலின் கூர்மை மழுங்கும்.

இவ்வுண்மை ஒரு நீரூற்றின் அருகே வெளிப்பட்டது என்பர். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் செவி ஆய்வாளராக விளங்கிய ஜாக் வெர்னனைக் காண, கடும் காதிரைச்சலால் அல்லலுற்ற சார்லஸ் யூனிஸ் என்னும் மருத்துவர் 1970-களில் வந்தார். இருவரும் நடந்து செல்கையில், படிப்படியாக நீர் விழும் லவ்ஜாய் நீரூற்றின் அருகே யூனிஸ் நின்றுவிட்டார். அங்கிருந்து நகர மனம் வரவில்லை. நீரோசையில் அவருடைய இரைச்சல் கேட்காமற் போயிற்று. அதன் வழியே, செவியில் அணியும் ஒலிமறைப்புக் கருவியை வெர்னன் உருவாக்கலானார். இரைச்சலை முற்றும் மூழ்கடிப்பது வெர்னனின் வழி. இரைச்சலும் கேட்கட்டும், மெல்லொலியும் கேட்கட்டும், இரண்டுக்கும் மூளை பழகட்டும் என்பது பின்வந்த ஜாஸ்ட்ரெபாஃபின் வழி. இல்லத்தில் நெடுநாள் செய்வதற்குப் பின்னதே உகந்தது.

முதலில் மருத்துவர்

இல்லத்தில் எதனையும் தொடங்குமுன் காது மூக்கு தொண்டை மருத்துவரை ஒருமுறை காண வேண்டும். சிலருக்குக் காதில் குறும்பி அடைத்திருப்பதே காரணமாகும். அதனை எடுத்ததும் இரைச்சல் நீங்கும். நடுச்செவியின் சீழ், இரத்த அழுத்தம், இரத்தசோகை, தைராய்டு குறைபாடு ஆகியனவும் காரணமாகலாம். மிகுந்த அளவில் உட்கொள்ளும் ஆஸ்பிரின், ஜென்டாமைசின் போன்ற சில ஊசி மருந்துகள், சில புற்றுநோய் மருந்துகள் ஆகியவை செவியைத் தாக்கக்கூடும். எனினும், மருத்துவரைக் கேளாமல் எந்த மருந்தையும் நிறுத்துதல் கூடாது. ஒலி மிகையுணர்வு, முகவாதத்தின்போது செவியின் சிறு தசை செயலிழப்பதாலும் வரலாம். தலையில் அடிபட்ட பின்னும், ஒற்றைத் தலைவலியோடும் வரலாம்.

சில அறிகுறிகள் தோன்றினால் நாள் கடத்துதல் ஆகாது. ஒரு காது திடீரென்று கேளாமற் போதல், ஒரு பக்கம் மட்டும் இரைச்சல், நாடித் துடிப்போடு இசைந்து துடிக்கும் ஓசை, தலைச்சுற்றல், முகம் கோணுதல், காதில் சீழ் அல்லது இரத்தம் ஆகியவை அவை. இவற்றுள் திடீர்க் கேளாமைக்கு நாட்கள் அல்ல, மணிகளே கணக்கு. விரைந்து சிகிச்சை பெற்றால் மீளும் வாய்ப்பு மிகுதி. திரைப்படப் பின்னணிப் பாடகி அல்கா யாக்னிக் தமக்குத் திடீரென நரம்புவழிக் கேளாமை ஏற்பட்டதை 2024 ஜூனில் தாமே வெளியிட்டு, உரத்த இசையும் ஹெட்போனும் பற்றி இளைஞரை எச்சரித்ததை இங்கு நினைவுகூரலாம்.

மருத்துவர் பார்த்த பின் ஆடியோகிராம் என்னும் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், புதுச்சேரி ஜிப்மரும் இவ்வட்டாரத்தார் சென்றுவரக்கூடிய இடங்கள். கேட்கும் திறன் குறைந்திருப்பது தெரிந்தால் காது கேட்கும் கருவியே முதற் சிகிச்சை. பறவைகளின் ஒலியும் பேச்சும் மீண்டும் செவிக்கு வந்து சேரும்போது, பலருக்கு இரைச்சல் தானாகவே பின்னுக்குச் செல்கிறது.

இல்லத்தில் செய்யும் முறை

ஒலியைத் தேர்தல் முதற் செயல். மழை பெய்யும் ஓசை, ஓடை நீர், கடலலை, மின்விசிறியின் சீரான ஓசை, எல்லா அலைவரிசையும் கலந்த இரைவொலி ஆகியவை தகுந்தவை. மனத்தை ஈர்க்கும் ஒலி இதற்கு ஆகாது. செய்தி, நாடகம், விரும்பிய பாட்டு ஆகியவற்றில் மனம் சொல்லைப் பின்தொடரும், பழகுதல் நிகழாது. கேட்பவருக்கு வெறுப்பும் இன்றி விருப்பமும் இன்றி இருக்கும் ஒலியே சிறந்தது. மேசை மின்விசிறி ஒன்று சுவரை நோக்கிச் சுழன்றாலே பலருக்குப் போதும். கைபேசியில் ஒலிப்பதிவை இயக்குவோர், அதனை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் நேரே ஓடவிட்டால் நள்ளிரவில் விளம்பரம் பேரோசையோடு புகுந்து, செவி நொந்தவரைத் திடுக்கிடச் செய்யும்.

ஒலியின் அளவே இச்சிகிச்சையின் உயிர்நாடி. இரைச்சலை மூழ்கடிக்குமளவு உயர்த்தக் கூடாது. இரைச்சலுக்குச் சற்றுக் கீழே, இரண்டும் சேர்ந்து கேட்கும் நிலையில் நிறுத்த வேண்டும். அறையின் மறுகோடியில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் உரையாட முடிய வேண்டும். அதற்குமேல் ஒலி தேவையில்லை. சிறு ஒலிபெருக்கியை மேசைமேல், தலையிலிருந்து சில அடி தள்ளி வைத்தல் நன்று. காதை அடைக்கும் இயர்போன் வேண்டா.

நேரத்தைப் பொறுத்தவரை, ஒரேயடியாகச் சில நிமிடம் கேட்டு நிறுத்துவதில் பயனில்லை. வீடு அமைதியாகும் வேளைகளில் எல்லாம் அது பின்னணியில் இருக்க வேண்டும். பிற்பகல் ஓய்வு, தனிமையில் படிக்கும் நேரம், பூத்தொடுக்கும் நேரம் என நாளொன்றுக்குச் சில மணி நேரமேனும் அமையட்டும். இரவில் படுக்கும்போது தொடங்கி விடியும்வரை மெல்ல ஒலிக்க விடலாம். இடையில் விழித்தாலும் துணையொலி இருக்கும். அதனை உட்கார்ந்து கவனித்துக் கேட்க வேண்டியதில்லை. அது இருப்பதை மறந்து தம் வேலையைச் செய்வதே பயிற்சி.

ஒலி மிகையுணர்வு உடையவர் இன்னும் மெதுவாகச் செல்ல வேண்டும். முதல் வாரம் காதுக்குக் கேட்டும் கேளாத அளவில் சிறிது நேரம் போதும். நேரத்தை முதலில் கூட்டி, பிறகே அளவைச் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். வலி தோன்றினால் முந்தைய படிக்கு இறங்க வேண்டும். அதன்பின் வீட்டு ஓசைகளை ஒவ்வொன்றாகப் பழகலாம். மிக்ஸியை அடுத்த அறையில், கதவு சாத்திய நிலையில் இயக்கித் தொடங்கலாம். அதன் பொத்தானை அழுத்துவது துன்புறுபவரின் கையிலேயே இருந்தால் அச்சம் பாதியாகும். சில நாள் சென்றபின் கதவைத் திறந்து வைக்கலாம். சிறிய ஒலிக்கும் நெடுநேரம் காது வலி நீடிப்பவர் இதனைத் தாமே செய்யாமல், செவித்திறன் வல்லுநரின் மேற்பார்வையில் மட்டுமே செய்ய வேண்டும்.

காதடைப்பானை அடியோடு விலக்க வேண்டும் என்பதும் பிழை. பால்மில், வெடி, தவில் முழக்கம், திருமண மண்டபத்து ஒலிபெருக்கி போன்ற மெய்யான பேரொலி உள்ள இடங்களில் அணிய வேண்டும். சமையலறையிலும் கூடத்திலும் தெருத் திண்ணையிலும் கழற்றிவிட வேண்டும்.

"இப்போது இரைகிறதா, எவ்வளவு இரைகிறது" என்று நாள்தோறும் சோதிப்பது ஆறும் புண்ணைக் கிளறுவதற்கு ஒப்பு. வாரம் ஒருமுறை மட்டும் ஒரு குறிப்பேட்டில் எழுதினால் போதும்: எத்தனை இரவு நன்றாக உறங்கினார், எங்கெங்கே சென்று வந்தார், எதனை மீண்டும் செய்யத் தொடங்கினார் என்பவை அதில் இடம்பெறட்டும். முன்னேற்றத்தை இவையே காட்டும். ஆறு மாதமும் ஆகலாம். ஒன்றரை ஆண்டும் ஆகலாம். பொறுமை வேண்டும்.

இதன் எல்லை

ஒலிச் சிகிச்சை காதிரைச்சலை ஒழித்துவிடும் என்று எவரேனும் சொன்னால் நம்பற்க. 2019-இல் அமெரிக்காவில் படைத்துறை சார்ந்த 151 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியாயிற்று. மெய்யான ஒலிக்கருவியோடு மறுபயிற்சி பெற்றோர், அதே தோற்றமுடைய போலிக் கருவியோடு அதனைப் பெற்றோர், வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றோர் ஆகிய மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் நலம் பெற்றனர். எனவே விலையுயர்ந்த கருவிதான் குணப்படுத்தும் என்று எண்ணிக் கடன்பட வேண்டியதில்லை. நோயைப் பற்றிய தெளிவும், தொடர்ந்த ஆதரவும் பெரும்பங்கு ஆற்றுகின்றன என்று அதிலிருந்து கொள்ளலாம்.

2012-இல் நெதர்லாந்தில் 492 பேரிடம் நடந்த ஆய்வு இதனோடு இசைகிறது. எண்ணங்களைச் சீர்செய்யும் மனநலச் சிகிச்சையும் ஒலிப் பயிற்சியும் இணைந்த முறையைப் பெற்றோர், வழக்கமான சிகிச்சை பெற்றோரைவிட நல்வாழ்வில் மேம்பட்டனர். 2014-இல் அமெரிக்கக் காது மருத்துவர் சங்கம் வெளியிட்ட நெறிமுறை, கேளாமை உள்ளவருக்குக் காது கேட்கும் கருவியையும் அவ்வகை மனநலச் சிகிச்சையையும் பரிந்துரைத்தது. ஒலிச் சிகிச்சையைச் செய்து பார்க்கத்தக்க வழி என்றது. ஜின்கோ, துத்தநாகம், மெலடோனின் போன்ற துணைப்பொருள்களைக் காதிரைச்சலுக்குப் பரிந்துரைக்கலாகாது என்றும் கூறியது. "நூறு விழுக்காடு குணம்" என்னும் விளம்பரங்களைக் கண்டு காசை இழப்போர் இதனை அறிந்திருத்தல் நலம்.

மெல்லொலிக்குச் செலவு இல்லை. முறையாகச் செய்தால் தீங்கும் இல்லை. உறக்கத்தை மீட்டுத் தருவதிலும், அமைதியின் மீதுள்ள அச்சத்தைக் குறைப்பதிலும் அது பலருக்குத் துணை நிற்கிறது. அந்த அளவில் அதனை மதித்துக் கைக்கொள்ள வேண்டும். உறக்கமின்றி மனம் உடைந்து, வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் எவருக்கேனும் தலைகாட்டினால், அவரைத் தனித்து விடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில், இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

குடும்பமும் சமுதாயமும்

இந்நோய் ஸ்கேன் படத்தில் தெரியாது. காய்ச்சல் போலத் தொட்டும் அறிய முடியாது. ஆகவே துன்புறுபவர் முதலில் வேண்டுவது நம்பிக்கை. "எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே, உனக்கு மட்டும் எப்படிக் கேட்கிறது" என்னும் சொல் இரைச்சலைவிடக் கொடிது. "அப்பா, இன்று எப்படி இருக்கிறது? மிக்ஸி போடப் போகிறேன்" என்று மகளோ மருமகளோ முன்னறிவிப்பது சிறு செயல்தான், திடுக்கிடும் துன்பத்தை அது தவிர்க்கும். பாத்திரங்களை மெல்ல வைத்தல், தொலைக்காட்சியின் அளவைத் தணித்தல், எதிரே வந்து முகம் பார்த்துப் பேசுதல் ஆகியவை செலவில்லாத உதவிகள். காதைப் பொத்திக்கொண்டு அழும் குழந்தையை அடம் பிடிக்கிறது என்று அடிக்காமல், செவியைச் சோதிக்க வேண்டும். ஆட்டிசம் உடைய குழந்தைகளிடம் ஒலி மிகையுணர்வு பரவலாகக் காணப்படுகிறது.

சமணக் குடும்பங்களுக்குத் தனியே சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. சாமாயிகத்தில் அமர்வதும், மௌனம் காப்பதும் இல்லற நோன்பிகளின் வழக்கம். காதிரைச்சல் உடையவருக்கு அவ்வேளையே கடினமான வேளை. சுற்றுப்புறம் அடங்க அடங்க உள்ளோசை ஓங்கும். மனம் ஒருமை கொள்ளாது. "நோன்புக்குத் தகுதியற்றுப் போனேனோ" என்று உள்ளூர வருந்தி அமர்வதையே கைவிட்டவரும் இருக்கக்கூடும். மௌனம் என்பது வாக்கின் அடக்கம். செவியைச் சுற்றி ஒலியே இருக்கக் கூடாது என்னும் விதி அதில் இல்லை. சோலையிலும் குன்றின் குகையிலும் தவமிருந்த முனிவரைச் சுற்றி மழையும் காற்றும் அருவியும் ஒலித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். எனவே மின்விசிறியின் ஓசையோ மழையோசையோ மெல்லப் பின்னணியில் இருக்க, அவர் தம் வழக்கத்தைத் தொடரலாம். இரைச்சல் எழும்போது அதனை விரட்டப் போராடாமல், வருவது வரட்டும் என்று நடுநிலையில் நின்று பார்க்கும் பயிற்சி சாமாயிகத்தின் உட்பொருளாகிய சமநிலைக்கு அயலானதன்று.

விழா நடத்துவோருக்கும் இதில் பங்குண்டு. இந்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் வரம்பாக வகுத்துள்ளன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலைக் கடக்கும் வெடிகளை உற்பத்தி செய்யவும் விற்கவும் 1999-ஆம் ஆண்டின் விதி தடை செய்கிறது. தீபாவளி பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய நாள். விளக்கேற்றுவதே அந்நாளுக்கு அழகு. எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாமையைக் கொள்கையாகக் கொண்டோர், ஒலியால் விளையும் ஊற்றையும் அக்கணக்கில் சேர்க்க வேண்டும்.

இனிவரும் விழாக்களில் ஒலிபெருக்கியின் அளவைத் தணித்து வைக்கலாம். ஒலிபெருக்கிக்கும் மேளத்துக்கும் தொலைவாக ஒரு பக்கத்தில் நாற்காலிகளை இட்டு, செவி நொந்தவருக்கென ஒதுக்கலாம். மணி ஒலிக்கும் வேளையையும் மேளம் தொடங்கும் வேளையையும் முன்னரே அறிவித்தால், அவர்கள் சற்று விலகியிருந்து மீண்டும் வருவர். இல்லத்தில் மாதக்கணக்கில் மெல்லொலியோடு பழகி, செவிக்குத் தெம்பு பெற்று, துணிந்து வெளியே வரும் ஒருவருக்கு முதலில் கிடைக்க வேண்டிய இடம் சொந்தச் சமுதாயத்தின் விழாப் பந்தலே.

இன்றிரவே ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் வீட்டுப் பெரியவரிடம், "காதில் ஏதேனும் இரைகிறதா? எந்த ஓசை தொல்லை தருகிறது?" என்று கேட்க வேண்டுகிறது இவ்வுரை. பல ஆண்டாகச் சொல்லாமல் அடக்கி வைத்த விடை அங்கே காத்திருக்கக்கூடும்.

அனைவரும் செவி நலமும் மன அமைதியும் பெற்று வாழ்க!